17 வயது மகன் அடிக்கிறான், கையைக் கடித்துக்கொள்கிறான்: மாத்திரையைக் கூட்டுவதா, விடுதியில் விடுவதா?

ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. மூத்த மகனுக்கு 17 வயது. மிதமான அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழில் இருக்கிறது. சில சொற்கள் பேசுவான், சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வான். சிறப்புப் பள்ளிக்குப் போய் வருகிறான். சின்ன வயதில் வலிப்பு வந்ததால் அதற்கான மாத்திரை தொடர்கிறது. கடந்த ஒரு வருடமாக அம்மாவையும், பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பியையும் அடிக்கிறான், தட்டை வீசுகிறான், ரத்தம் வரும்வரை தன் கையைக் கடித்துக்கொள்கிறான். மாலையில்தான் அதிகம். போனைக் கொடுத்தால் அடங்கிவிடுகிறான். மனநல மருத்துவர் ரிஸ்பெரிடோன் கொடுத்திருக்கிறார். தூக்கமும் எடையும் கூடியதே தவிர, அடி குறையவில்லை. "டோஸைக் கூட்டச் சொல்லலாமா? இல்லை, சொந்தக்காரர்கள் சொல்வதுபோல் எங்காவது ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமா? இது திமிரா, நோயா?"

அம்மா, நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டோஸைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் எதுவும் இதுவரை நடந்ததாக உங்கள் கேள்வியில் தெரியவில்லை. விடுதி இப்போது வேண்டாம். ஓடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திமிரா நோயா என்று கேட்டீர்கள். இரண்டு பெயருமே உங்களுக்கு உதவாது. திமிர் என்று நினைத்தால் தண்டிக்கத் தோன்றும், நோய் என்று நினைத்தால் மாத்திரையை மட்டும் நம்பி உட்காரத் தோன்றும். வாயால் சொல்ல வராத ஒன்றை அவன் கையால் சொல்கிறான். அப்படிச் சொன்னால் காரியம் நடக்கிறது என்றும் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் என்ன கேட்கிறான் என்று கண்டுபிடித்து, அடிக்காமலேயே அதைக் கேட்பதற்கு ஒரு வழியைக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சையில் பெரும்பகுதி. நான் சிறப்பாசிரியராகத் தொடங்கி, பிறகு மறுவாழ்வு உளவியல் படித்து, பல வருடங்களாக இப்படிப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்கிறவள். பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

தொடங்க வேண்டிய இடம் உடம்பு. ஒரு வருடத்துக்கு முன் இல்லாதது இப்போது வந்திருக்கிறது என்றால், முதல் சந்தேகம் வலியின் மேல்தான் விழ வேண்டும். பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை கன்னத்தில் அறைந்துகொள்வான், கையைக் கடிப்பான், பக்கத்தில் வருகிறவரைத் தள்ளுவான். சொத்தைப் பல், காதில் சீழ், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மலச்சிக்கல்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, சில மாத்திரைகளின் பக்கவிளைவு எல்லாம் சேர்ந்தால் பல நாள் வயிறு இறுகிக் கிடக்கும். நமக்கே அப்படி இருந்தால் யாரோடும் முகம் கொடுத்துப் பேச முடியாது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளாக இருந்தால் தைராய்டு பரிசோதனையும் கட்டாயம், அவர்களுக்கு அந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் வரும்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் குறிப்பாகக் கேட்க விரும்புவது வலிப்பு மாத்திரையைப் பற்றி. அதன் பெயரைப் பாருங்கள். லெவெடிராசெட்டம் என்றால், அது நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பிவிடும். கடந்த ஒரு வருடத்துக்குள் அது புதிதாக ஆரம்பிக்கப்பட்டதா, டோஸ் கூடியதா என்று பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்து, நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டால் வலிப்பு மோசமாகத் திரும்பும், அது உயிருக்கே ஆபத்து. மாற்றுவதாக இருந்தால் மருத்துவர்தான் மெல்ல மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் நீங்கள் கேட்கும்போது, "இந்த மாதிரிப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் அம்மா" என்று ஒரு பதில் வரலாம். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1982ல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரைஸ் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மாதிரியான மனநல அறிகுறிகள் கொண்ட நோயாளிக் குறிப்புகளை மற்ற உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்ற தகவல் இருந்தபோது, அதே அறிகுறிகளை அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பழக்கத்தால் எத்தனையோ காதுவலிகளும் மனச்சோர்வுகளும் கவனிக்கப்படாமல் போயிருக்கின்றன. "குறைபாடு 17 வருடமாக இருக்கிறது, அடிப்பது ஒரு வருடமாகத்தான். இந்த ஒரு வருடத்தில் என்ன மாறியது?" என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

மாறியது என்ன என்ற கேள்வியில் இன்னொன்றும் அடங்கும், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. யாராவது அவனிடம் தவறாக நடந்துகொண்டிருக்கலாம். வேனிலா, பள்ளிக் கழிப்பறையிலா, தெரிந்தவர் வீட்டிலா என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தால் ஒதுங்குகிறானா, உடை மாற்றும்போது அலறுகிறானா, உடம்பில் காயம் இருக்கிறதா? ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்காது என்ற எண்ணம் தவறு. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பிள்ளையின் குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்யும் குற்றத்தை அது இன்னும் கடுமையானதாக வகைப்படுத்துகிறது. சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள்.

இந்த விசாரணை நடக்கும்போதே ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு வாரம் போதும். ஒவ்வொரு முறை அடி விழும்போதும், அது அடங்கிய பிறகு எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் சரியாக என்ன செய்தான், அதன் பிறகு நீங்கள் எல்லோரும் என்ன செய்தீர்கள். 'கோபப்பட்டான்' என்று எழுத வேண்டாம். 'ஆறு மணி, நான் மிக்சி போட்டேன், காதைப் பொத்தினான், என் முதுகில் இரண்டு அடி, நான் மிக்சியை நிறுத்தினேன்' என்று எழுதுங்கள். நேரம், இடம், கூட இருந்தவர் யார் என்பதையும் சேருங்கள். ஒன்றும் நடக்காத நல்ல நேரங்களையும் கொஞ்சம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அதில்தான் துப்பு இருக்கும். பள்ளியிலும் ஒரு நோட்டு வேண்டும். செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 1992ல் நம் நாட்டுப் பிள்ளைகளுக்காகவே 'பேசிக்-எம்.ஆர்.' என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. அதன் இரண்டாம் பகுதி முழுக்க நடத்தைச் சிக்கல்கள்தான். அதைப் போட்டுப் பார்த்தீர்களா என்று சிறப்பாசிரியரிடம் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் படித்தால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். பொதுவாக நான்கில் ஒன்றாக இருக்கும். யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், ஒரு பொருள் வேண்டும், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது உடம்புக்கு அந்தச் செயலே ஏதோ ஒரு நிம்மதியைத் தருகிறது. ஒரே பிள்ளை அம்மாவை அடிப்பது ஒரு காரணத்துக்காகவும், கையைக் கடிப்பது வேறு காரணத்துக்காகவும் இருக்கலாம். அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து 'ஒரே அடம்' என்று பேசினால் வழி பிறப்பதில்லை.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டு ஊகம். மாலையில் பள்ளியிலிருந்து வருகிறான், நீங்கள் அடுப்படியில், சின்னவன் புத்தகத்தில், அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறீர்கள், கையோடு போனும் வருகிறது. நீங்கள் போனைக் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் சின்னவனைக் காப்பாற்ற யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அடி விழுந்ததும் போன் வந்தால், போனுக்கு வழி அடிதான் என்று அவன் மனதில் பதிந்துவிடும். இரண்டாவது ஊகம், கையைக் கடிப்பது சத்தத்தாலோ களைப்பாலோ இருக்கலாம். இதை நோட்டு சொல்லும்.

1985ல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகள் எப்போது அடிக்கிறார்கள், கத்துகிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். பாடம் கடினமாகும்போது குழப்படி செய்த பிள்ளைக்கு, உதவி கேட்கும் ஒரு சின்ன வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கவனம் கிடைக்காதபோது செய்த பிள்ளைக்கு, தான் செய்வது சரியா என்று ஆசிரியரைக் கேட்கும் வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்தும் வாக்கியத்தைக் கற்றபோது குழப்படி நன்றாகக் குறைந்தது. பொருந்தாத வாக்கியம் பயன் தரவில்லை. இன்று உலகம் முழுக்க இந்தப் பிள்ளைகளுக்காகச் செய்யப்படும் பயிற்சிகளில் மிக உறுதியான ஒன்று இது. கருவி எதுவும் வேண்டாம், செலவும் இல்லை.

உங்கள் வீட்டில் இப்படிச் செய்யலாம். போனின் படத்தை ஒரு அட்டையில் ஒட்டி, அவன் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். அவன் நன்றாக இருக்கும் நேரத்தில், அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக் கொடுக்க வையுங்கள், கொடுத்த நொடியே போனைக் கொடுங்கள். ஆரம்ப நாட்களில் எத்தனை முறை அட்டை நீட்டினாலும் போன் வர வேண்டும், உடனே வர வேண்டும். 'இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது' என்று தோன்றும். தோன்றட்டும். அடிப்பதைவிட அட்டை வேகமாக வேலை செய்கிறது என்று அவன் நம்பிய பிறகுதான் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க முடியும். அப்புறம் அலாரம் வைத்து ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இழுக்கலாம். அதேபோல 'போதும்' என்பதற்கு ஒரு சைகையும், 'என்னோடு உட்கார்' என்பதற்கு ஒரு அட்டையும் வேண்டும். பேசுகிற பிள்ளைக்கு எதற்கு அட்டை என்று சிலர் கேட்பார்கள். கோபம் ஏறும்போது முதலில் தொலைந்துபோவது பேச்சுதான், அட்டை அப்போதும் சுவரில் இருக்கும். அட்டையால் பேச்சு குறைந்துவிடாது.

இதோடு அடிக்குப் போன் கிடைப்பது நிற்க வேண்டும். நிறுத்தும்போது ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள்: முதல் சில நாட்கள் அடி கூடலாம். இதுவரை வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் யாரும் இன்னும் பலமாக முயல்வார்கள். அந்த உச்சத்தில் மனம் இரங்கிப் போனைக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக அடித்தால்தான் கிடைக்கும் என்று ஆகிவிடும். அதனால் தனியாக இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். கணவரோ வேறு பெரியவரோ வீட்டில் இருக்கும் நாட்களில், சின்னவனின் பரீட்சை இல்லாத வாரத்தில் தொடங்குங்கள். பாட்டி தாத்தா உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் ரகசியமாகக் கொடுத்தாலும் வேலை கெடும்.

மாலை நேரத்தை நிரப்புவது அட்டையைவிட முக்கியம். பள்ளி விட்டு வந்ததும் என்ன, அதன் பிறகு என்ன என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நான்கைந்து படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்ததைக் கழற்றிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். நாட்களைப் புரியவைக்கத் தினசரி காலண்டர் நல்ல கருவி. தாளைக் கிழிக்கிற வேலை அவனுடையது என்று கொடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகும் நாள், பள்ளி விடுமுறை, விருந்தாளி வரும் நாள் எல்லாவற்றையும் அதில் படம் போட்டு முன்கூட்டியே காட்டலாம். ஆடி மாதத்தில் தெருக்கோயில் ஒலிபெருக்கி, தீபாவளிப் பட்டாசு, குக்கர் விசில் எதுவும் சிலருக்குத் தாங்காது. காதை மூடும் ஹெட்போனும், போய் உட்கார ஒரு மூலையும் ஏற்பாடு செய்யுங்கள். அந்த மூலை தண்டனைக்கு அனுப்பும் இடமாக ஒருநாளும் ஆகக் கூடாது.

அடி விழும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது? சின்னவன் வேறு அறைக்குப் போய்விட வேண்டும், இதை முன்பே பேசி வையுங்கள். நீங்கள் ஒரு கை தூரத்துக்கு மேல் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். குறைவாகப் பேசுங்கள். ஒரே சின்ன வாக்கியம், அதே குரல். 'ஏன்டா இப்படிப் பண்றே, அம்மா பாவமில்லையா' என்பதெல்லாம் அவன் காதில் வெறும் சத்தமாகத்தான் விழும். எறியக்கூடிய பொருளை நகர்த்துங்கள். நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்காதீர்கள், குப்புறப் போட்டு அமுக்கினால் மூச்சு நின்றுபோகும். தலையை மோதிக்கொண்டால் இடையில் தலையணை கொடுங்கள். அடங்கிய பிறகு தண்ணீர் கொடுங்கள், விசாரணை வேண்டாம். சூடு போடுவது, மிளகாய் தடவுவது, கட்டிப் போடுவது இவற்றை யோசனையாகச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பயத்தால் ஒரு மணி நேரம் அடங்குவான், யாரையும் நம்பாத பிள்ளையாக மாறுவான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். மனநல சிகிச்சைக்கு வருகிறவர்களை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் வேண்டிக்கொள்வது உங்களுக்குத் தைரியம் தரும் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்து, 17 வயது. 'மனதளவில் ஐந்து வயதுக் குழந்தை' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. படிப்பில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிவதுதான் தெரியலாம், ஆனால் அவன் 17 வருடம் வாழ்ந்திருக்கிறான். மீசை வந்திருக்கிறது, உடம்பில் ஆசை வந்திருக்கிறது, யாராவது மட்டம் தட்டினால் வலிக்கிறது. இன்னும் அம்மா குளிப்பாட்டி விடுகிறீர்களா? அப்பா அந்த வேலையை எடுத்துக்கொண்டு, தானாகக் குளிக்கும் வரை படிப்படியாகப் பழக்க வேண்டும். உறுப்பைத் தொட்டுக்கொள்கிறான் என்று பல அம்மாக்கள் அழுதுகொண்டு வருவார்கள். அது வயதின் இயல்பு. அடித்துத் தடுத்தால் கோபமாகத் திரும்பும். கதவு சாத்திய குளியலறையில் மட்டும், மற்ற இடத்தில் கூடாது என்று படத்தோடு பழக்குங்கள். வருகிற பெண்களையெல்லாம் கட்டிப்பிடிப்பதைச் 'சின்னப் பிள்ளைதானே' என்று இத்தனை நாள் ரசித்துவிட்டு, மீசை முளைத்ததும் திட்டினால் அவனுக்கு என்ன புரியும்? வணக்கம் சொல்லவும் கை குலுக்கவும் கற்றுக்கொடுங்கள். எந்தச் சட்டை, என்ன டிபன், முதலில் குளியலா சாப்பாடா என்று நாளுக்குப் பலமுறை அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். நாள் முழுக்க மற்றவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டியிருந்தால் நல்ல பேச்சு உள்ள நம் பிள்ளைகளே வெடிப்பார்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று. மாதவிடாய் நாட்களில் கோபம் கூடினால், முதலில் வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்துப் பாருங்கள். 1994ல் புனேயில் அரசு விடுதி ஒன்றில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குச் சுத்தத்தைக் காரணம் காட்டிக் கருப்பையை அகற்றியபோது நாடே கொதித்தது. இன்றும் அந்த யோசனையைக் காதோடு சொல்கிறவர்கள் உண்டு. நாப்கின் மாற்றுவதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் மிதமான குறைபாடுள்ள பெண்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்கிறார்கள்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். ரிஸ்பெரிடோன் மோசமான மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் கடுமையான எரிச்சலுக்கு அமெரிக்காவில் 2006ல் அதற்கு அனுமதி கிடைத்தது. உயிருக்கே ஆபத்து வரும் அளவுக்கு நிலைமை போனால் கொஞ்ச காலம் தேவைப்படலாம். மனச்சோர்வோ, மனச்சிதைவோ, அதீதப் பதற்றமோ அடியில் இருந்தால் அதற்கு மருந்து கட்டாயம் வேண்டும். ஆனால் நோய் எதுவும் கண்டுபிடிக்காமல் அடிப்பதற்காக மட்டும் கொடுப்பது வேறு. பீட்டர் டைரர் தலைமையில் நடந்த ஒரு ஆய்வு 2008ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அறிவுசார் குறைபாடும் ஆக்ரோஷமும் உள்ள பெரியவர்கள் 86 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ரிஸ்பெரிடோன், அதே வகையில் இன்னொரு மருந்தான ஹாலோபெரிடால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் மூன்று குழுவிலும் ஆக்ரோஷம் குறைந்தது. அதிகமாகக் குறைந்தது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, 79 சதவீதம். ரிஸ்பெரிடோன் குழுவில் 58 சதவீதம். மாத்திரையோடு சேர்ந்து வந்த கவனிப்பும் விசாரிப்பும் எவ்வளவு வேலை செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மற்ற முயற்சிகள் பலிக்காதபோதும் ஆபத்து அதிகமாக இருக்கும்போதும்தான் இந்த வகை மருந்து, மூன்று நான்கு வாரத்தில் மறுபரிசீலனை, ஆறு வாரத்தில் பலன் இல்லை என்றால் நிறுத்தம் என்கிறது.

ஆகவே மருத்துவரிடம் சண்டை போடாமல் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், இந்த மருந்து எந்த நோய்க்கு? பலன் தெரிய எத்தனை வாரம்? தெரியவில்லை என்றால் எப்படிக் குறைப்பது? எடை, சர்க்கரை, கொழுப்பு எப்போது பார்ப்பது?" நோட்டையும் காட்டுங்கள். நல்ல மருத்துவர்கள் அந்த நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், அவர்களுக்கு இப்படி ஒரு தகவல் கிடைப்பதே அபூர்வம். இன்னொன்றையும் சொல்லுங்கள், மருந்து ஆரம்பித்த பிறகு உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறானா, காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறானா? அது இந்த மருந்துகளின் ஒரு பக்கவிளைவு. அதைப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று டோஸை ஏற்றினால் தவிப்புதான் கூடும்.

விடுதி பற்றி. எல்லா விடுதியும் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றோருக்கு உடம்பு முடியாமல், வேறு யாரும் இல்லாமல் போகும்போது நல்ல இல்லம் ஒரு வரம். ஆனால் அடிக்கிறான் என்பதற்காகச் சேர்த்தால், காரணம் கண்டுபிடிக்கப்படாமல் அவனோடே அங்கே போகும். தெரியாத இடம், தெரியாத ஆட்கள், சொல்ல வழியில்லாத பயம் எல்லாம் சேரும். அங்கே அவனை அடக்க மாத்திரைதான் மிஞ்சும். என்றாவது சேர்க்க நேர்ந்தால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். சமையலறையையும் கழிப்பறையையும் காட்ட மறுத்தால், பெற்றோர் வரக் கூடாது என்று மாதக்கணக்கில் தடை போட்டால், அங்கே சேர்க்க வேண்டாம்.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் எனக்கு அதிகக் கவலை தரும் விஷயம் அடுத்த வருடம். சட்டப்படி இலவசக் கல்வி 18 வயது வரைதான். அதன் பிறகு பல பள்ளிகள் அனுப்பிவிடுகின்றன. காலையில் வேன் வராது, நண்பர்கள் இல்லை, நாள் முழுக்க டிவி. இதுவரை சாதுவாக இருந்த பிள்ளைகளே 18, 19 வயதில் அடிக்க ஆரம்பிப்பதை நான் அதிகம் பார்த்தது இந்தக் காரணத்தால்தான். யாருக்கும் தேவைப்படாமல் ஒரு இளைஞன் வீட்டில் கிடந்தால் என்ன ஆவான்? தொழிற்பயிற்சி மையங்களைப் பற்றி இப்போதே விசாரியுங்கள். பெரும்பாலான இடங்களில் மெழுகுவர்த்தி, காகிதக் கவர், மிதியடி, பினாயில் என்று இருக்கும். அவனுக்குப் பிடித்தால் சரி. பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், அவனுக்கு எது பிடிக்கும் என்று தேடுங்கள். தண்ணீர் பிடிக்கும் என்றால் செடிகளுக்கு ஊற்றும் வேலை, அடுக்குவது பிடிக்கும் என்றால் தெரிந்த மளிகைக் கடையில் தினமும் ஒரு மணி நேரம். கடைக்காரர் மாதம் ஒரு சிறு தொகையை அவன் கையில் கொடுக்கட்டும், அந்தப் பணத்தை நீங்களே அவரிடம் கொடுத்து வைத்தாலும் பரவாயில்லை. வீட்டிலும் அவனுக்கென்று நிரந்தர வேலை வேண்டும். துணி மடிப்பது, பால் வாங்கி வருவது, தட்டு வைப்பது. அவன் வைத்த தட்டை அவன் வீசுவது குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

18 ஆனதும் காகித வேலையும் வரும். சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன், நீங்கள் தானாகவே அவனுடைய பாதுகாவலர் ஆக மாட்டீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, வெளிநோயாளிச் செலவும் தெரபியும் அதில் அடங்கும். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறீர்களா? இல்லை என்றால் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் உள்ள, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தில் உளவியல், பேச்சு, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். தூரம் அதிகம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. உங்கள் கேள்வி முழுக்கப் பெரியவன்தான் இருக்கிறான். நீங்கள் தூங்குகிறீர்களா, அடிபட்ட இடத்தைக் காட்டினீர்களா, யாரிடமாவது பேசுகிறீர்களா, ஒன்றும் தெரியவில்லை. கணவர் வாரத்தில் இரண்டு மாலைகளாவது அவனை முழுப் பொறுப்பாகப் பார்க்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் வீட்டை விட்டு வெளியே போய் வாருங்கள். மனம் தாங்காத இரவில் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. பாவம், சாபம் என்று பேசுகிற சொந்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சின்னவனிடம் தனியாக உட்கார்ந்து, "நீ பயப்படுவது எனக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். அண்ணனைக் காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீதான் என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் சத்தியம் வாங்காதீர்கள். பரீட்சை வரை மாலையில் அவன் படிக்க ஒரு அத்தை வீடோ நூலகமோ கிடைத்தால் அங்கே அனுப்புங்கள்.

இந்த வாரம் பல் மருத்துவர், வலிப்பு மாத்திரையின் பெயர், நோட்டு, இந்த மூன்று போதும். இரண்டு வார நோட்டு முடிந்ததும் அதில் உள்ளதையும், மருத்துவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். முதல் அட்டை போனுக்கா, 'போதும்' என்பதற்கா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.